முதலில் சொன்னவரின் குரல்

பிளாட் புஷ், ஆக்லாந்து
12 ஆகஸ்ட் 2017

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. அம்மாவின் எண்ணை நீ தடுத்துவைத்து நான்கு வருடம் ஆகப்போகிறது. அப்போது எனக்குக் கைப்பேசி இல்லை. அதனால் தடுப்பதற்கு என் எண் எதுவும் உன்னிடம் இல்லை. உங்கள் கணினி விளையாட்டின் இணையப் பக்கத்தில், அடியில் சின்ன எழுத்தில் பண்டுங் முகவரி இருந்தது. அதை அப்படியே உறையில் எழுதியிருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். வேலை இடைவேளையில் நான் பேய் விளையாட்டு வீடியோக்கள் பார்ப்பேன். ஜகார்த்தாக்காரப் பையன் ஒருவன் உங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தான். நான் பயப்படவில்லை. அவன் ஏறிய படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படியில் சிமெண்டு பெயர்ந்திருந்தது. குளியலறைக் கதவின் கீழே துருப்பிடித்த தகரம். நீல வாளி. இந்தோனேசியக் கிராமத்து வீடு என்று அவன் சொன்னான். அது மலேசியாவில், கிள்ளானில் இருந்த நம் வீடு. கடைசியில் பெயர்கள் ஓடின. கவிநேசன் ராஜூ என்று உன் பெயர் வந்தது. சோற்று டப்பாவை மூடிவிட்டு அழுதேன்.

அப்புறம் இலவசப் பகுதியை இறக்கி நானே ஆடினேன். அப்பா இறந்துபோன வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். நிலைப்படியில் உட்காரக் கூடாது, இருட்டிய பிறகு நகம் வெட்டக் கூடாது, சீட்டி அடிக்கக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தேன். அப்புறம் போன் மணி அடித்தது. யாரோ அப்பாவைக் கேட்கிறார்கள். பதில் இரண்டுதான். "இறந்துவிட்டார்" என்று சொன்னால், சாவை முதலில் வாயால் சொன்னவள் என்று பேய் அவள் குரலை எடுத்துக்கொள்கிறது. "தூங்குகிறார்" என்று சொன்னால், கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து அப்பா எழுந்து வருகிறார்.

முதலில் சொன்னவரின் குரல் போய்விடும் என்று இந்தோனேசியாவில் உண்மையிலேயே ஒரு பந்தாங், ஒரு விலக்கு, உண்டா அண்ணா? எனக்கு எட்டு வயதில் பக்கத்து வீட்டுப் பூனை சாக்கடையில் செத்துக் கிடந்தபோது நீதான் சொன்னாய். "செத்துப்போச்சுன்னு யார் மொதல்ல சொல்றாங்களோ, அவங்க குரல அது எடுத்துக்கும். பந்தாங் லா, தெரியாதா?" நான் இரண்டு நாள் பேசவில்லை. அம்மா உன்னைச் செருப்பால் அடித்தார்.

பதில் எழுதுவாயா? தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடம் இதற்காவது உதவட்டும்.

உன் தங்கை,
விஷாலினி

*

பண்டுங்
4 செப்டம்பர் 2017

விஷா,

கடிதத்தை, என்னோடு சேர்ந்து விளையாட்டைச் செய்யும் ஆசெப்தான் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நாங்கள் மூன்று பேர், ஒரு துணி வெளுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. உறையின் பின்னால் நீ தமிழில் எழுதியிருந்த பெயரை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, மந்திரம் மாதிரி எழுதியிருக்கு? பேய்க்கு ஆர்டர் குடுத்தியா?" என்று கேட்டான். "என் தங்கச்சி" என்றேன். எனக்குத் தங்கை இருப்பது இத்தனை வருடத்தில் அவனுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, அப்படி ஒரு பந்தாங் இல்லை. இங்கே சுண்டா மக்கள் அதைப் பமாலி என்பார்கள். ஆசெப் காருட் பக்கத்துக் கிராமத்தான், பமாலியோடு வளர்ந்தவன். விளையாட்டில் மற்றதெல்லாம் அவன் ஊர் வழக்கம். இது ஒன்று மட்டும் நான் பதினைந்து வயதில் உன்னைப் பயமுறுத்தக் கட்டியது. இப்போது ஆடுகிறவர்கள் இதையும் சுண்டா வழக்கம் என்று எழுதுகிறார்கள். "எங்க அம்மா பாத்தா என்னை வெளக்கமாத்தால அடிப்பாங்க. எங்க ஊர் மேல பொய் சொல்லாத" என்கிறான் ஆசெப். முழு விளையாட்டு வருவதற்குள் எடுத்துவிடச் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை.

"தூங்குகிறார்" என்ற பதிலை நான் ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன் செய்து அப்பாவைக் கேட்டேன். "அப்பா தூங்குறாரு, பரீட்ச முடிஞ்சு கூப்பிடு" என்றாய். அப்போது அப்பா உயிரோடு இல்லை. மறுநாள் சுந்தரம் சித்தப்பா கொள்ளி வைத்தார். மகன் நானோ இரண்டு மணி நேர விமானத் தொலைவில், இங்கே பண்டுங் கல்லூரியில், பரீட்சைத் தாளில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ பதின்மூன்று வயதுப் பிள்ளை. சொல்லச் சொன்னதைச் சொன்னாய். சொல்லச் சொன்னவரோடுதான் எனக்குப் பேச்சு இல்லை.

எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாய்? பள்ளிக்கூடம் எப்படி?

கவி

*

பிளாட் புஷ்
25 செப்டம்பர் 2017

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய், பாட்டனி டவுன்ஸ் பேருந்தில் மூன்று முறை படித்தேன். உன் கையெழுத்து மாறவே இல்லை. 'ழ' இன்னும் கொக்கி மாதிரிதான்.

ஐந்தடி மூன்று அங்குலம். பள்ளிக்கூடம் போவதில்லை. பதினாறு முடிந்ததும் நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. காலையில் பெயர் வாசிக்கும்போது "ஹியர்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். வாய் திறக்கும், சத்தம் வராது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியை அன்பாகத்தான் காத்திருப்பார். அதுதான் இன்னும் கஷ்டம். இப்போது ஒரு துணிக்கடையின் பின்னறையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சட்டைகளுக்கு ஹேங்கர் மாட்டுகிறேன். பெட்டி எதுவும் கேட்காது. மேலாளர் நல்ல பெண். கட்டைவிரலைக் காட்டுவார், நானும் காட்டுவேன்.

இந்தப் பகுதியில் எல்லா வீடும் ஒரே மாதிரி, நேற்றுக் கட்டியது மாதிரி இருக்கும். இன்னும் யாரும் செத்திருக்க மாட்டார்கள். உங்கள் விளையாட்டுக்கு ஒரு வீடுகூடத் தேறாது.

அப்பா போன அடுத்த வருடம் இங்கே வந்ததிலிருந்து அம்மா முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறார். அங்குள்ள கிழவர்கள் எல்லோருக்கும் மகன்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்களாம். வந்து சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். போன அக்டோபரில் அப்பா திதிக்குக் கோவிலுக்குப் போனோம். "பிள்ளையாண்டான் எங்கேம்மா?" என்று ஐயர் கேட்டார். "வெளியூர்ல இருக்கான் சாமி. அடுத்த வருஷம் வருவான்" என்றார் அம்மா. மூன்று வருடமாக இதே பதில். ஐயர் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் சங்கல்பம் செய்தார். நீ அங்கே உட்கார்ந்திருப்பது போல அம்மா பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். இந்த அக்டோபரிலும் அப்படித்தான் உட்காருவார்.

அம்மாவிடம் ஒரு தடவை பேசேன். இங்கே வந்தபின் அவர் எண் மாறிவிட்டது, புது எண்ணைக் கடிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

விஷா

*

பண்டுங்
17 அக்டோபர் 2017

விஷா,

நீ கேட்டது என்னால் முடியாது. அதைப் பற்றி இனி எழுதாதே.

அம்மா என்ன சொன்னார் என்று நீயும் பக்கத்தில் நின்று கேட்டிருப்பாய். எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான்தான் சொல்ல வேணாம்னேன் கவி. உன் பரீட்ச போயிடும்னு நெனச்சேன்." அந்தப் பரீட்சையை நான் பிறகு முடிக்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க விடாமல், ஒரு வரைகலைத் தேர்வுக்காக! அந்தப் பெண்மணி எனக்குப் புரியவில்லை.

ஆனால் உன்னைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மார்ச்சில் உனக்குப் பதினெட்டு. இங்கே வந்துவிடு. வெறும் ஆசைக்காகச் சொல்லவில்லை, உனக்கு வேலை இருக்கிறது. எங்களுக்குக் குந்திலானாக்கின் சத்தம் சரியாக அமையவில்லை. பிள்ளைப்பேற்றில் செத்த பெண் அவள். அவள் சிரிப்பு பலமாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாள், சன்னமாகக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறாள் என்பார்கள். நாடகம் படித்த பெண்கள் நான்கு பேரை வைத்துப் பதிவு செய்தோம். எல்லோரும் கத்துகிறார்கள். சன்னமாக ஒருத்திக்கும் வரவில்லை. நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அண்ணா" என்று கூப்பிடுவாயே, பாதி மூச்சு, பாதி குரல். அதை ஆசெப்பிடம் செய்து காட்டினேன். "அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா" என்றான்.

மைக்குக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் உட்காருவாய். யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள். மாடியில் என் அறைக்கு அடுத்த அறை காலியாக இருக்கிறது. கடவுச்சீட்டு இருக்கிறதா? டிக்கெட் நான் எடுக்கிறேன்.

வருவாயா?

கவி

*

பிளாட் புஷ்
6 நவம்பர் 2017

அண்ணா,

வருகிறேன். வருகிறேன். கடவுச்சீட்டு இருக்கிறது, 2019 வரை செல்லும். ஏப்ரலில் வரவா? அந்த அறையில் ஜன்னல் இருக்கிறதா? உங்கள் வீட்டில் யார் சமைப்பது? நான் புளிக்குழம்பு நன்றாக வைப்பேன்.

விஷா

*

பிளாட் புஷ்
8 நவம்பர் 2017

அன்புள்ள அண்ணனுக்கு,

முந்தாநாள் அனுப்பிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இதைப் படித்த பிறகு நீ என்னை வரச் சொல்ல மாட்டாய். ஆனாலும் இதை எழுதாமல் அங்கே வந்து உன் பக்கத்து அறையில் என்னால் இருக்க முடியாது.

அன்று காலை அப்பா குளியலறையில் விழுந்தார். அம்மாவும் சித்தப்பாவும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்குச் சித்தப்பா போன் செய்து, "அப்பா போயிட்டாருமா, கதவப் பூட்டிக்கிட்டு வீட்லயே இரு" என்றார். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். உன் கைப்பேசி அந்த வாரம் திருட்டுப் போயிருந்தது. யாரோ நண்பனுடைய போன் என்றாய். "அப்பாகிட்ட குடு" என்றாய்.

அம்மா பக்கத்தில் இல்லை, அண்ணா. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நானேதான் சொன்னேன். பரீட்சை முடிந்து கூப்பிடு என்றதும் நானேதான்.

சாயங்காலம் அம்மா வந்தார். "அண்ணன் கூப்ட்டானா?" தலையாட்டினேன். "சொல்லிட்டியா?" தலையாட்டினேன். எல்லோரும் உன் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. "அதான் சின்னவ சொல்லிட்டாளே, கெளம்பியிருப்பான்" என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் "வர்றானாமா?" என்று சித்தப்பா கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அவர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று நான்கு மணி வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார்கள்.

மூன்றாம் நாள் அம்மா உன் விடுதிக்குப் போன் செய்தார். உனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நீ கத்துவது எனக்கே கேட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அலமாரி ஓரமாக நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உன்னிடம், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன் என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வா, வந்து சாப்பிடு" என்றார். இன்று வரை கேட்டதில்லை.

பூனைக் கதையைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். பதின்மூன்று வயதில் அதை நம்பினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பாதி நம்பினேன். மீதிப் பாதி வேறு. நீ சிரித்துக்கொண்டே "அப்பாகிட்ட குடு" என்றாய். உனக்கு மட்டும் அப்பா இன்னும் இருந்தார். அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

நான்கு வருடமாக நீ தவறான ஆளிடம் கோபமாக இருக்கிறாய். அந்தக் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பு. அம்மாவிடம் பேசு.

விஷாலினி

*

பிளாட் புஷ்
21 ஜனவரி 2018

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பீட்சா விளம்பரம்தான் இருக்கும்.

ஆனால் நேற்று மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தோனேசிய எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். எடுத்துக் காதில் வைத்தார். பிறகு "பசியாறிட்டியா?" என்று கேட்டார். அங்கே என்ன மணி என்றுகூட யோசிக்கவில்லை. நீ என்ன சொன்னாயோ, "சரி, சரி, அழுவாத, அழுவாத லா" என்றார். நாற்பது நிமிடம். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. குரல் தடித்துப்போய்விட்டது. அப்பாவின் குரல் மாதிரி.

வைத்ததும் அம்மா வந்து எதிரில் நின்றார்.

"நீ சொல்லிட்டியா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு. தலையாட்டுறத நம்பி ஒரு தடவ பட்டது போதும்."

"ஆமாம்மா. சொல்லிட்டேன்."

"எதுக்குடி சொன்ன? நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன்ல" என்று என் தலையில் ஒரு கொட்டு வைத்தார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கீரை வாசம் வந்தது.

என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி நீ கேட்டாயா என்று அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

விஷா

*

பண்டுங்
20 பிப்ரவரி 2018

விஷாலினி,

நவம்பர் கடிதத்துக்கு ஐந்து முறை பதில் எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மன்னிக்க மாட்டேன் என்று எழுதினாலும் பொய்தான். கோபமாக இருக்கிறது. நான்கு மணி வரை அவர்கள் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இதுவரை தெரியாது. யாரும் என்னைத் தேடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் படித்ததும் எழுந்து வெளியே போய், பண்டுங் முழுக்க நடந்தேன்.

அம்மாவை நான் பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. நான் கத்தியது கேட்டிருக்கும், சொற்கள் கேட்டிருக்காது. அத்தனையையும் வாங்கிக்கொண்டு நான்கு வருடம் சும்மா இருந்திருக்கிறார். ஏனம்மா என்று கேட்டேன். "நீ பெரியவன், கோச்சுக்கிட்டாலும் எங்கயாச்சும் பொழச்சுக்குவ. அவ சின்னவ. உன் கோவம் அவ மேல விழுந்தா என்னா ஆவா?" என்றார்.

அந்தப் பமாலியை எடுத்துவிட்டேன். ஆசெப்புக்குச் சந்தோஷம். அப்பா எழுந்து வருவதையும் எடுத்துவிட்டேன். இப்போது போன் அடிக்கும். எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அறைக்குள் போனால் கட்டிலில் அவர் படுத்திருப்பார். பக்கத்தில் நாற்காலி இருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒன்றும் நடக்காது. "இதுல பயம் எங்கடா இருக்கு?" என்று ஆசெப் கேட்டான். இந்த ஒரு அறையில் வேண்டாம் என்றேன். அவனும் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டான்.

ஏப்ரல் 13 ஆக்லாந்து வருகிறேன், பத்து நாள். அந்த வார அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க அம்மா ஐயரிடம் சொல்லிவிட்டார். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, பேய் விளையாட்டுக்காரனுக்கு ஏற்ற நாள் என்று இங்கே சிரிக்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் தப்பாக நினைக்காதே. ஆனால் நீ வந்திரு.

கவி

*

பிளாட் புஷ்
14 மார்ச் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டுவிட்டேன். மேலாளரிடம் கட்டைவிரலைக் காட்டி இதைக் கேட்க முடியாதே. வாயால்தான் கேட்டேன். "என் அண்ணன் வருகிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் வந்தது.

இங்கே ஏப்ரலில் காற்று குளிரும். தடிப்பான சட்டை ஒன்று எடுத்து வா. உணவுப் பொருள் எது கொண்டுவந்தாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிடு, இல்லாவிட்டால் பெரிய அபராதம் போடுவார்கள். அம்மா மாடி அறையில் புதுத் திரை போட்டிருக்கிறார். தினமும் அதை ஒரு தடவை இழுத்துவிட்டுப் பார்க்கிறார்.

பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்கு வர இருபது நிமிடம்தான். அம்மா காடி ஓட்டுவார், நீ முன்னால் உட்கார். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருவார். நான் பின் சீட்டில் இருப்பேன். நீ திரும்ப வேண்டாம். உன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தால் எனக்குப் போதும்.

விஷா